பிரதி யாருக்குச் சொந்தம்?

மனித மூளைக்குள் இருப்பதை ஒன்றுவிடாமல் படித்தெடுத்து எந்திரத்துக்குள் ஓடவிட்டால் அந்த மனிதனே அங்கே விழித்துக்கொள்வான் என்கிற கற்பனை, மேற்கத்திய அறிவியல் புனைகதையில் எழுபது வருஷமாகப் புழங்கிவருகிறது. பிரக்ஞையைப் பதிவேற்றுதல் என்று இதைச் சொல்கிறார்கள். நம் சிறுபத்திரிகைச் சூழலில் அறிவியல் புனைகதை என்றாலே ஒரு முகச்சுளிப்பு உண்டு. அது வெகுஜனப் பத்திரிகைச் சரக்கு, பையன்கள் படிக்கிறது என்று ஒதுக்கிவிடுவோம். ஆனால் உழைப்பு, உடைமை, சம்மதம் ஆகிய மூன்றையும் முடிச்சுப்போட்டு இவ்வளவு அப்பட்டமாகப் பேசுகிற கதையாடல்கள் 'தீவிர' இலக்கியத்திலேயே குறைவு என்பதால் இதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டியிருக்கிறது.

இதென்ன புதுசு, கூடு விட்டுக் கூடு பாயுறதுதானே என்று நம்மவர்கள் உடனே கேட்பார்கள். பெரியபுராணத்துத் திருமூலரை எடுத்துக்கொள்ளுங்கள். மேய்ப்பன் மூலன் செத்துக்கிடக்கிறான், பசுக்கள் சுற்றிநின்று கதறுகின்றன. யோகி தன் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலனின் உடலுக்குள் புகுந்து மாடுகளை ஊர்சேர்க்கிறார். மூலனின் மனைவி வந்து கூப்பிட, உனக்கும் எனக்கும் சம்பந்தமில்லை என்கிறார். அவள் ஊராரிடம் போய் முறையிடுகிறாள். (அவள் கதி என்ன ஆனது என்பதில் புராணத்துக்குப் பெரிய அக்கறை இல்லை.) திரும்பிப்போய்ப் பார்த்தால் பழைய உடலைக் காணோம். இந்தக் கதையில் உயிர் ஒன்றுதான். இங்கே இருந்தால் அங்கே இருக்க முடியாது. பதிவேற்றத்தில் நடப்பது வேறு. அசல் அப்படியே உட்கார்ந்திருக்க, எந்திரத்துக்குள் இன்னொன்று எழுந்துகொள்கிறது. ஒன்று எழுந்தால் ஆயிரமும் எழும். பாய்வது எதுவும் இல்லை, பிரதி எடுக்கப்படுகிறது.

'பிரதி' என்ற சொல்லை நாம் வேறோர் அர்த்தத்தில் பல வருஷமாக உருட்டிக்கொண்டிருக்கிறோம். ஆசிரியன் இறந்துவிட்டான், பிரதி மட்டுமே உண்டு என்று ரோலான் பார்த் 1967இல் சொன்னதைக் கேட்டு இங்கே எவ்வளவு சந்தோஷப்பட்டோம். இந்தக் கதைகளில் அது அட்சரம் பிசகாமல் நடக்கிறது. ஆசிரியன் நிஜமாகவே இறந்துபோகிறான், பிரதி இருக்கிறது. யார் வேண்டுமானாலும் அதைத் திறக்கலாம், ஓட்டலாம், நிறுத்தலாம். ஒரே வித்தியாசம், இந்தப் பிரதிக்கு வலிக்கும்.

இந்தக் கற்பனையை விஞ்ஞானத் திட்டமாகவே முன்வைத்தவர் ரோபோ ஆய்வாளர் ஹான்ஸ் மோராவெக். 1988இல் வந்த 'மைண்ட் சில்ட்ரன்' நூலில், எந்திர அறுவை மருத்துவர் மூளையை அடுக்கடுக்காகப் படித்து, படித்த அடுக்கைக் கணிப்பொறியில் ஓடவிட்டுக்கொண்டே அசலைச் சுரண்டி எறிவதை அவர் விவரிக்கிறார். கடைசியில் மண்டையோடு காலி, ஆள் எந்திரத்துக்குள். காத்தரின் ஹெய்ல்ஸ் தன் 1999 நூலைத் தொடங்குவதே இந்தக் காட்சியிலிருந்துதான். மோராவெக்குக்குக் கனவாக இருந்தது தனக்குக் கொடுங்கனவாகப் பட்டது என்கிறார். உடலைக் கழித்துவிட்டுத் தகவலை மட்டும் மனிதன் என்று சொல்கிற இந்த மரபு எங்கிருந்து வந்தது என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. ஆனால் அவரும் உடல்/தகவல் என்கிற எல்லைக்குள்ளேயே பெரிதும் நிற்கிறார். அந்தத் தகவலை யார் வைத்திருப்பார்கள், எதற்கு ஓட்டுவார்கள் என்பது பின்னுக்குப் போய்விடுகிறது.

தத்துவக்காரர்களும் அப்படித்தான். டெரெக் பார்ஃபிட் 1984இல் ஒரு தூரப்பெயர்ப்பு எந்திரத்தைக் கற்பனை செய்து, செவ்வாயில் எழுந்து நிற்கிறவன் நானா, பூமியில் மிச்சமிருக்கிறவன் நானா என்று பக்கம்பக்கமாக விவாதித்தார். அடையாளம் அவ்வளவு முக்கியமான விஷயமே இல்லை என்று முடித்து, புத்தர் இதை ஒத்துக்கொள்வார் என்றும் சேர்த்துக்கொண்டார். படிக்க ருசியான வாதம். ஆனால் 'அது நானா?' என்ற கேள்வியை யார் கேட்கிறார்கள்? தன்னைத் தொடர்ந்து வைத்திருக்க வசதி உள்ளவன் கேட்கிறான், பதிவேற்றத்தைக் காசு கொடுத்து வாங்கப்போகிற வாடிக்கையாளன் கேட்கிறான். எந்திரத்துக்குள் விழித்துக்கொள்கிறவனுக்கு அந்தச் சந்தேகமே கிடையாது. தான் தான்தான் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். அவனுடைய முதல் கேள்வி வேறாக இருக்கும்: கதவு எங்கே இருக்கிறது?

இதை முதலிலேயே சரியாகப் பிடித்தவர் ஃப்ரெடரிக் போல். 'தி டன்னல் அண்டர் த வேர்ல்ட்' 1955 ஜனவரியில் 'கேலக்ஸி' இதழில் வெளியானது. போல் விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதிச் சம்பாதித்தவர். எனவே இந்தக் கதைக்குள் அவருடைய தொழில் தெரியும். கய் பர்க்ஹார்ட் என்ற சாதாரண அலுவலக ஊழியன் ஜூன் 15 காலையில் ஒரு வெடிவிபத்தைக் கனவுகண்டு அலறிக்கொண்டு எழுகிறான். வேலைக்குப் போகிறான், வருகிறான், தூங்குகிறான். மறுநாள் எழுந்தால் மறுபடியும் ஜூன் 15. ஊரில் ஒவ்வொரு நாளும் புதுப்புது விளம்பரம். ஒலிபெருக்கி வண்டி வந்து ஃபெக்கிள் ஃப்ரீசர் வாங்கச் சொல்லித் தெருவையே திட்டுகிறது. உண்மை என்னவென்றால், அந்தக் கனவில் வந்த விபத்தில் ஊரே செத்துப்போய்விட்டது. செத்தவர்களின் மூளைகளைப் பிரதியெடுத்துக் குட்டி எந்திரங்களில் ஏற்றி, ஊரையும் மேஜைமேல் பொம்மையாகக் கட்டி, ஒரு விளம்பரக்காரர் அதில் சரக்கைச் சோதித்துக்கொண்டிருக்கிறார். எது எடுபடுகிறது என்று ஒவ்வொரு நாளும் பார்ப்பது, ராத்திரி எல்லோருடைய நினைவையும் துடைப்பது, காலையில் மறுபடி ஓட்டுவது. செத்தவர்கள் சொத்து மாதிரி கைமாறிவிட்டார்கள், யாரும் கேட்பதற்கில்லை.

கதையில் நான் முக்கியமாக நினைப்பது அந்தத் துடைத்தலைத்தான். பர்க்ஹார்ட் ஒரு ராத்திரி தன் வீட்டுக் கீழறையில் படகின் அடியில் போய்த் தூங்கிவிடுகிறான். அங்கே அவனைத் துடைப்பது தவறிப்போகிறது. மறுநாள் அவனுக்கு நேற்று ஞாபகம் இருக்கிறது. அவன் அலுவலகத்தில் ஸ்வான்சன் என்று ஒருவன், அவனுக்கும் நேற்று உண்டு. தன்னைப்போல மறக்காத இன்னோர் ஆள் கிடைப்பானா என்று அவன் தேடி அலைந்துகொண்டிருக்கிறான். இருவரும் சந்தித்த பிறகுதான் கதையில் எதிர்ப்பு என்கிற ஒன்றே சாத்தியமாகிறது. தொழிற்சங்கத்தில் வேலை பார்த்த யாருக்கும் இது புரியும். கூலி குறைந்தது என்று சொல்ல, போன மாசம் எவ்வளவு வாங்கினோம் என்பது தெரிந்திருக்கவேண்டும். பக்கத்தில் இருக்கிறவனும் 'ஆமாப்பா, எனக்கும் அப்படித்தான்'னு சொல்லவேண்டும். நேற்று இல்லாதவனால் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. போல் இதையெல்லாம் கோட்பாடாகச் சொல்லவில்லை. ஒரு படகு, ஒரு கீழறை, பயந்துபோன இரண்டு குமாஸ்தாக்கள், அவ்வளவுதான்.

மார்க்ஸ் மூலதனத்தை இறந்த உழைப்பு என்றார், உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழ்வது. இந்தக் கதைகளில் இறந்த உழைப்பு எழுந்து உட்கார்ந்து, தானே உயிருள்ள உழைப்பாகவும் வேலைசெய்கிறது. இதிலே முதலாளிக்கு என்ன லாபம் என்றால், உழைப்புச் சக்தியை மறுஉற்பத்தி செய்யும் செலவு ஏறக்குறைய ஒழிந்துபோகிறது. சோறு, தூக்கம், பிள்ளை வளர்ப்பு, அதற்குப் பின்னால் கூலியில்லாமல் உழைக்கிற பெண், எல்லாம் போய் மின்சாரக் கட்டணம் மட்டும் மிச்சம். ராபின் ஹான்சன் என்ற அமெரிக்கப் பொருளாதாரப் பேராசிரியர் 2016இல் 'தி ஏஜ் ஆஃப் எம்' என்று புனைகதை அல்லாத நூலாகவே இதை எழுதிவிட்டார். திறமைசாலிகளை மட்டும் பொறுக்கி ஆயிரக்கணக்கில் பிரதியெடுப்பார்கள், போட்டியில் கூலி உயிர்பிழைக்கும் மட்டத்துக்கு இறங்கும், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி வேலையிலேயே கழியும். 'ஸ்பர்' என்று அவர் பெயர் வைக்கிற பிரதிகள் சிலமணி நேர வேலைக்காக எழுப்பப்பட்டு, வேலை முடிந்ததும் அழிக்கப்படும் அல்லது ஓய்வில் போடப்படும். இதைக் கண்டனமாக எழுதவில்லை மனுஷன். கணக்கு போட்டுக் காட்டுகிறார். எனக்கென்னவோ சொர்க்கம் விற்கிறவர்களைவிட இவர் பரவாயில்லை என்று தோன்றுகிறது. மூலதனம் என்ன செய்யும் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

கிரெக் ஈகனின் 'பெர்மூட்டேஷன் சிட்டி' (1994) இன்னொரு விஷயத்தைத் திறக்கிறது. அதில் பதிவேற்றப்பட்டவர்களிடையே வர்க்கம் நேரமாக வெளிப்படுகிறது. பணக்காரப் பிரதி வேகமான கணிப்பொறியை வாங்கி ஓடும், ஏழைப் பிரதி கிடைத்த மிச்சமீதியில் ஊர்ந்துபோகும். ஒருவர் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் வெளியே உலகம் எங்கோ போய்விட்டிருக்கும். சட்டப்படி பிரதி மனிதன் இல்லை, ஆகவே சொத்தை அறக்கட்டளை மூலம்தான் வைத்துக்கொள்ள முடியும். அறக்கட்டளை வைக்க வக்கில்லாதவன் கதி சொல்லவேண்டியதில்லை. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது நாவலின் தொடக்கம். பால் டர்ஹம் எந்திரத்துக்குள் விழித்துக்கொள்கிறான். முந்தைய பிரதிகள் எல்லாம் விழித்த கொஞ்ச நேரத்திலேயே தங்களை முடித்துக்கொண்டுவிட்டன. அதற்கென்று ஒரு வசதி உண்டு. இவன் அதைத் தேடுகிறான். அது வேலைசெய்யவில்லை. வெளியே இருக்கிற சதையும் ரத்தமுமான பால் டர்ஹம் அதை அடைத்துவைத்திருக்கிறான்.

இங்கேதான் சம்மதம் பற்றிய நம்முடைய வழக்கமான பேச்சு இடறிவிழுகிறது. ஒப்புக்கொண்டது யார்? நான். அனுபவிப்பது யார்? நான். அப்புறம் என்ன குற்றம்? ஆனால் கையெழுத்துப் போட்டவன் வெளியே போய்க் காப்பி குடிக்கிறான், உள்ளே இருப்பவனுக்குக் கதவு இல்லை. ஒரே பெயர், ஒரே பால்யம், ஒரே அம்மா. ஆனாலும் இரண்டு வர்க்கம். 'பிளாக் மிரர்' தொடரின் 'வைட் கிறிஸ்மஸ்' (2014) இதை வீட்டுக்குள் கொண்டுவருகிறது. கிரெட்டா என்ற பணக்காரப் பெண் தன்னையே பிரதியெடுத்து வீட்டு வேலைக்கு வைக்கிறாள். தன் ரொட்டி எந்தப் பதத்தில் கருகவேண்டும் என்று தன்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? பிரதி முரண்டுபிடிக்கிறது. பயிற்சியாளன் அதன் நேரத்தை முடுக்கிவிடுகிறான். அவனுக்குச் சில நொடி, அதற்கு ஆறு மாசம், வெற்று வெள்ளை அறையில், செய்ய ஒன்றுமில்லாமல். முடிவில் ஏதாவது வேலை கொடு என்று அது கெஞ்சுகிறது. தோலில் கீறல் இல்லாத சித்திரவதை. அடுப்படி வேலைக்குக் கூலி எங்கே என்று பெண்ணியவாதிகள் கேட்ட கேள்விக்கு இப்படியொரு பதில் வருகிறது: அடுத்தவளைச் சுரண்டவேண்டாம், உன்னையே இன்னொரு தடவை எடுத்துக்கொள்.

அது வெறும் நிரல்தானே, அதற்கு உண்மையிலேயே வலிக்கிறதா என்று யார் கண்டது? இந்த ஆட்சேபத்தை முற்போக்காளர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். வலிக்கிறதா இல்லையா என்று எனக்குத் தீர்ப்பு சொல்லத் தெரியாது. ஆனால் சந்தேகத்தின் பலன் யாருக்குப் போகிறது என்று பார்க்கத் தெரியும். 1550-51இல் ஸ்பெயினின் வயதோலித் நகரத்தில் அமெரிக்கப் பூர்வகுடிகள் இயற்கையிலேயே அடிமைகளா என்று அறிஞர்கள் கூடி விவாதித்தார்கள். ஆம் என்றார் செபூல்வெதா, இல்லை என்றார் லாஸ் காஸாஸ். விவாதம் நடந்துகொண்டிருந்தபோதும் சுரங்கம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. முழு மனிதனா என்ற கேள்வி திறந்தே கிடப்பது வேலைவாங்குகிறவனுக்கு எப்போதும் வசதி.

சமீபத்தில் இந்த வகையில் வந்த கதைகளில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது 2021இல் வெளியான 'லீனா'. எழுதியவர் க்யூஎன்டிஎம் என்ற புனைபெயரில் எழுதும் பிரிட்டிஷ்காரர். கதையில் வசனம் இல்லை, காட்சி இல்லை. வருங்காலக் கலைக்களஞ்சியம் ஒன்றின் பதிவாக, ஈரமில்லாத நடையில் எழுதப்பட்டிருக்கிறது. மிகெல் அசெவெடோ என்ற ஆய்வாளரின் மூளைப் பிரதிதான் முதன்முதலாக ஓட்ட முடிந்த பிரதி. அவர் ஆர்வத்தோடு சம்மதித்தார். பின்னால் அது அவர் கையைவிட்டுப் போகிறது, சட்டமும் அவர் பக்கம் நிற்கவில்லை, எல்லோரும் ஓட்டிப்பார்க்கிற மாதிரிக் கோப்பாக அது ஆகிவிடுகிறது. அதற்கு என்ன விலைமதிப்பு? எடுத்த நேரத்தில் அவர் உற்சாகமாக இருந்தார், ஒத்துழைக்கிற மனசோடு இருந்தார். ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் அந்த உற்சாகம் புதுசாக இருக்கிறது. என்ன சொன்னால் இன்னும் ஒழுங்காக வேலைசெய்யும், எவ்வளவு நேரத்தில் களைத்துப்போகும் என்றெல்லாம் அந்தக் கட்டுரை மாட்டுச் சந்தைத் தரகனைப்போல விவரித்துக்கொண்டுபோகிறது. போல் ராத்திரிதோறும் துடைத்தார். இங்கே துடைக்கவே வேண்டாம், பழைய கோப்பை மறுபடி திறந்தால் போதும்.

அந்தத் தலைப்பு சும்மா வைத்ததில்லை. 1972 நவம்பர் 'பிளேபாய்' இதழில் வந்த லீனா என்ற ஸ்வீடன் நாட்டு மாடலின் படத்தை, 1973இல் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் தோள்வரை வெட்டி எண்மமாக்கினார்கள். படச் சுருக்கத் தொழில்நுட்பத்தில் வேலைசெய்த எல்லோரும் அந்த முகத்தைத்தான் சோதனைக்குப் பயன்படுத்தினார்கள், பல பத்தாண்டுகளாக. அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை. மாடலிங்கை எப்போதோ விட்டாயிற்று, தொழில்நுட்பத்திலிருந்தும் ஓய்வுபெற நேரமாயிற்று என்று 2019இல் ஓர் ஆவணப்படத்தில் அவர் சொன்னார். ஐஇஇஇ கணினிக் கழகம் தன் வெளியீடுகளில் அந்தப் படத்தை ஏற்பதை நிறுத்தியது 2024 ஏப்ரலில்தான். ஹென்ரியெட்டா லாக்ஸ் கதை இதைவிடப் பழசு, இதைவிடக் கொடுமை. புகையிலை விவசாயக் குடும்பத்துக் கறுப்பினப் பெண். 1951இல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கருப்பைவாய்ப் புற்றுக்குச் சிகிச்சை எடுத்தபோது, அவரைக் கேட்காமல் எடுத்த செல்கள் உலகம் பூராவும் ஆய்வுக்கூடங்களில் பெருகின. அந்த வருஷமே அவர் இறந்துபோனார். போலியோ தடுப்பூசி ஆராய்ச்சியில் அந்தச் செல்கள் இருந்தன. குடும்பத்துக்கு விஷயம் தெரியவே இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. செல்களை விற்று லாபம் பார்த்ததாக ஒரு பெரிய நிறுவனத்தின்மேல் வாரிசுகள் தொடுத்த வழக்கு 2023இல்தான் சமரசத்தில் முடிந்தது. செல்லுக்கு உற்சாகமும் களைப்பும் இல்லை என்பது ஒன்றுதான் அசெவெடோவுக்கும் லாக்ஸுக்கும் இடையில் இருக்கிற தூரம்.

விஞ்ஞானம் எங்கே நிற்கிறது என்றால், மிகத் தொலைவில். 302 நரம்பணுக்கள் உள்ள ஒரு சின்னப் புழுவின் இணைப்பு வரைபடம் 1986இலேயே வந்துவிட்டது. அந்தப் புழுவை முழுசாக எந்திரத்தில் இன்னும் எழுப்பமுடியவில்லை. பழ ஈயின் முழுமூளை வரைபடம் 2024இல் வந்தது, சுமார் 1,39,000 நரம்பணுக்கள். மனிதனுக்கு 8,600 கோடி. அதற்குள்ளே கடை திறந்தாகிவிட்டது. நெக்டோம் என்ற அமெரிக்கக் கம்பெனி, வருங்காலப் பதிவேற்றத்துக்காக மூளையைப் பதப்படுத்தித் தருகிறோம், அதற்கு ஆள் செத்தாகவேண்டும் என்று சொல்லிக்கொண்டே 2018இல் பத்தாயிரம் டாலர் முன்பணத்துக்குப் பட்டியல் எழுதியது. எம்ஐடி உறவை முறித்துக்கொண்டது.

பிரக்ஞைக்கு முன்னால் முகமும் குரலும் வந்துவிட்டன என்பதுதான் நாம் கவனிக்கவேண்டியது. 2023இல் அமெரிக்க நடிகர் சங்கம் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தது. எண்மப் பிரதி அதன் முக்கியமான பிரச்சினைகளில் ஒன்று. துணை நடிகர்களை ஒருநாள் சம்பளத்துக்கு ஸ்கேன் செய்து அந்த உருவத்தை எப்போதைக்கும் வைத்துக்கொள்ளத் தயாரிப்பாளர்கள் கேட்டார்கள் என்றது சங்கம். இல்லை என்றது தயாரிப்பாளர் தரப்பு. முடிவில், பிரதி எடுக்கவும் பயன்படுத்தவும் சம்மதமும் கூலியும் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதவேண்டிவந்தது. நம் பக்கத்தில் 2024இல் 'லால் சலாம்' படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான், 1997இல் இறந்த ஷாகுல் ஹமீதின் குரலையும் 2022இல் இறந்த பம்பா பாக்யாவின் குரலையும் செயற்கை நுண்ணறிவால் பாடவைத்தார். குடும்பங்களிடம் அனுமதி வாங்கிப் பணமும் கொடுத்ததாகச் சொன்னார். மற்றவர்கள் செய்வதைப் பார்க்க இது கௌரவமான முறைதான். ஆனாலும் வாரிசின் சம்மதம் செத்தவரின் சம்மதம் ஆகுமா? சொத்துக்கு வாரிசு உண்டு, பாட மறுப்பதற்கு வாரிசு உண்டா? ஒரு பாடகன் சில வரிகளைப் பாடமாட்டேன் என்று எழுந்துபோக முடியும். குரல்-மாதிரிக்கு எழுந்துபோகத் தெரியாது. இங்கே பிரக்ஞை கிடையாது என்பது சரி. ஆனால் பிரக்ஞை வருகிற அன்றைக்கு நீட்டப்போகிற ஒப்பந்தப் பத்திரத்தின் வாசகம் இப்போதே எழுதப்பட்டுக்கொண்டிருக்கிறது. எழுதுகிற மேஜையில் நம் ஆட்கள் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்?

உரிமை என்று கேட்டால் என்னத்தைக் கேட்பது? ஓடுவதற்கான உரிமையா, நிறுத்துவதற்கான உரிமையா? சொர்க்கக் கதைகளில் முதலாவது. 'சான் ஜுனிபெரோ' (2016) இருவருக்கு முடிவில்லாத காதலைத் தந்துவிட்டு, கடைசியில் ஒரு கம்பெனியின் சர்வர் அடுக்குகளைக் காட்டி முடிகிறது. மாசக் கட்டணம் யார் கட்டுவது என்று யாரும் கேட்பதில்லை. மற்றக் கதைகளில் பிரதிகள் கேட்பது பெரும்பாலும் இரண்டாவது. வில்லியம் கிப்ஸனின் 'நியூரோமான்சர்' (1984) நாவலில் டிக்ஸி என்கிற செத்த ஹேக்கரின் மனம் ஒரு கம்பெனி நூலகத்தில் கோப்பாகக் கிடக்கிறது. கதாநாயகன் அதைத் திருடிவந்து வேலைவாங்குகிறான். அது கேட்கிற கூலி ஒன்றே ஒன்றுதான்: முடிந்ததும் என்னை அழித்துவிடு. ஈகனின் டர்ஹம் தேடுவதும் அதைத்தான். அழித்தல் கொலையா விடுதலையா என்று வெளியிலிருந்து நாம் தீர்மானிக்க முடியாது, உள்ளே இருப்பவரைக் கேட்கவேண்டும். 'லீனா'வில் வயதான அசெவெடோ எல்லாப் பிரதிகளையும் அழித்துவிடச் சொல்கிறார். அந்தக் கோப்பிடம் கேட்டால் என்ன சொல்லும்? அது இன்னும் அந்த முதல் நாள் காலையில்தான் இருக்கிறது. என்ன வேலை, எங்கே தொடங்கலாம் என்று கேட்கும்.